வெயிலில் நின்ற கோஹன்

ஜூன் 9, திங்கள்

இல்லை, பயமாக இல்லை. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு பெண் தனியாக என்ன செய்வாள்? உட்கார்ந்து எழுதுவாள். எறும்பு கடித்தால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவாள்.

யூதர்களின் கல்லறை. சென்னையில் இப்படி ஒன்று இருப்பது எனக்குப் போன மாதம் வரை தெரியாது. ஒரு பக்கம் பெட்ரோல் பங்க், மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள், நடுவில் இந்தத் துண்டு நிலம். மூன்றாவது மாடியில் காயப்போட்ட நைட்டிகள் சுவருக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கின்றன.

எம்.ஃபில். முடித்தபின் கிடைத்த முதல் வேலை இது. ஓர் அறக்கட்டளை ஆட்களை அழைத்துவந்து சுற்றிக்காட்டும் மரபு நடையை இங்கே தொடங்கப்போகிறது. வருகிறவர்கள் கையில் ஒரு சிறு நூல், வாசலில் ஒரு பலகை. இங்கே புதைக்கப்பட்டவர்களில் குறிப்பிடத்தக்க எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு அறுபது சொல் எழுத வேண்டும். அறக்கட்டளையின் வசுமதி மேடம் அனுப்பிய மின்னஞ்சலில் 'குறிப்பிடத்தக்க' மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

சாவி பாக்கியம் அக்காவிடம் இருக்கிறது. கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறார். மாமனார் ஏகாம்பரம் இங்கே காவல்காரராக இருந்தவர். அவர் இறந்தபின் சாவி மருமகளிடம் வந்தது. நானும் அவர்கள் ஆளா என்று என்னைக் கேட்டார். இல்லை, வரலாறு படித்தவள், இங்கிருப்பவர்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"இம்மாம் படிச்சிட்டு, எய்துறதுக்கு உசுரோட ஒருத்தரும் கெடைக்கலியா?"

ஜூன் 11, புதன்

மேற்குச் சுவரருகே இருக்கும் கல்லறைதான் எல்லாவற்றிலும் பெரியது. இடுப்பளவு மேடை. மேலே கருங்கல் பலகை. ஆப்ராம் பினேல், பவள வணிகர். கப்பலில் பவளம் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கி அனுப்பியவர். ஹீப்ருவிலும் போர்த்துகீசிய மொழியிலும் அவருடைய நற்குணங்களை வெட்டியிருக்கிறார்கள். பாசியைத் தேய்த்துத் தேய்த்து, அறக்கட்டளை தந்த மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் படித்தேன். எல்லா வணிகர்களும் இறந்தபின் கருணை மிக்கவர்களாகிவிடுகிறார்கள்.

பலகையின் மேல் கூழாங்கற்கள். குவியல் குவியலாக. நிறையக் கற்கள் சரிந்து மேடையைச் சுற்றிலும் கிடக்கின்றன. யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை. கல் வைப்பார்கள், வந்து போனேன் என்பதற்கு. படித்திருக்கிறேன். ஆனால் பினேல் இறந்து இரண்டரை நூற்றாண்டாகிறது. மேலே இருக்கும் கற்களில் மண்கூட ஒட்டவில்லை.

பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு சார் வருவார், கல் கொடுப்பார், வாங்கிக் கொண்டுபோய் வைப்போம், மாமனார் காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார். சாரும் அந்த மதம்தான் என்றார்.

மாலை பினேலின் அறுபது சொல்லை முடித்தேன். கடைசி வரி: 'இன்றும் இவருடைய சமூகத்தினர் வாரந்தோறும் இவர் கல்லறையில் கல் வைத்து மரியாதை செலுத்துகின்றனர்.' வசுமதி மேடத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. இதுதான் வேண்டும், உயிருள்ள மரபு, இதைப் பலகையிலும் போடுவோம் என்று.

நல்ல வரி. எனக்கும் பிடித்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

விசாகன் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறான். வாட்ஸப்பில். ஆவணி. பெண் அவன் அம்மா பார்த்தது. வகுப்பில் படித்த எல்லாருக்கும் ஒரே செய்தியாக அனுப்பியிருக்கிறான், எனக்கும் சேர்த்து.

மருத்துவர் ஹாலெவியை முடித்துவிட்டேன். அம்மை குத்தியவர். அறுபது சொல் போதுமானதாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

அந்த சார் வந்தார். ஆட்டோவில். எண்பது வயதைத் தாண்டியிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, உச்சியில் சிறிய குல்லா. கேட்டுக்கு உள்ளே நிற்கும் தூங்குமூஞ்சி மரம் சுவரைத் தாண்டித் தெருவின் பாதி வரை கிளை விரித்திருக்கிறது. அவர் அந்த நிழல் படாத எதிர்ப்பக்கமே இறங்கி, டீக்கடைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். அங்கிருந்து கை காட்டினார். பாக்கியம் அக்கா தெருவைக் கடந்து போய்க் கல்லை வாங்கிவந்தார்.

"எப்பவும் இப்டித்தான். நெயல்ல வந்து நில்லு சாமின்னா கேக்க மாட்டாரு. வெயில் காஞ்சாத்தான் மோட்சம் போல."

தனக்கு முழங்கால் வலி, நீ உள்ளேதானே போகிறாய், நீயே வைத்துவிடு என்று கல்லை என் கையில் வைத்தார். கழுவித் துடைத்த கல். அவர் சுற்றிவைத்திருந்த கைக்குட்டையின் சூடு இருந்தது. பினேலின் மேல் வைத்தேன். திரும்பி கேட்டுக்கு வந்து தலையசைத்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அவரும் தலையசைத்தார். ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

நூலகம். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது.

பெயர் நிசீம் கோஹன் என்று பாக்கியம் அக்கா சொல்லியிருந்தார். கோஹன் என்பது பூசாரிக் குலம். எருசலேமில் கோயில் இருந்த காலத்தில் அங்கே பலி கொடுத்தவர்கள். கோயில் இடிந்து இரண்டாயிரம் வருடமாகிறது. பலி இல்லை, பீடம் இல்லை. விதிகள் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கின்றன. சாவின் தீட்டு அவர்கள்மேல் படக்கூடாது. கல்லறைக்குள் வரக்கூடாது. கல்லறை மேல் படர்ந்த மரத்தின் கிளை தெருவுக்கு நீண்டால் அந்தக் கிளையின் கீழே நிற்கவும் கூடாது. அது உள்ளே நிற்பதற்குச் சமம்.

ஆகவே வெயில்.

ஒரு விதி. அதைக் காப்பாற்ற ஓர் ஆண். இதில் புதிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடிவிட்டு கேண்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நானே தெருவைக் கடந்து போனேன். இந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பாக்கியம் அக்கா சொல்லாமல் விட்டிருக்க வாய்ப்பில்லை.

கல்கத்தாவில் பிறந்தவர். பாட்டனார் காலத்தில் பாக்தாத்திலிருந்து வந்த குடும்பம். அறுபதுகளில் பெரியமேட்டில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தோல் மண்டியிலேயே தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். முதலில் கற்ற சொற்கள் எதுவும் பெண்கள் எதிரில் சொல்லக்கூடியவை அல்ல என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேப்பேரியில் தனியாக இருக்கிறார்.

பினேலைப் பற்றிக் கேட்டேன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், பெரிய பணக்காரர் இல்லையா என்றார். அவ்வளவுதான். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நீங்கள் ஒருவராவது மறக்காமல் இருக்கிறீர்களே என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

பிறகு அவர்தான் கேள்வி கேட்டார். உள்ளே புல் அதிகமா? பாம்பு உண்டா? சுவர் ஈரம் குடிக்கிறதா? மேற்குச் சுவர்ப் பக்கம் வெயில் எப்போது விழுகிறது?

"காலைல சார். பதினோரு மணி வரைக்கும்."

"நல்லது. காலை வெயில்தான் பிடிக்கும்."

வீட்டுக்கு வந்து குறிப்பில் எழுதினேன்: பினேல் குறித்து வாய்மொழி மரபு எதுவும் புழங்குகிறதா, விசாரிக்க.

ஜூன் 24, செவ்வாய்

வசுமதி மேடம் போன். எட்டுப் பேரும் ஆண்களாக இருக்கிறார்களே, ஒரு பெண்ணாவது வேண்டாமா என்றார். எல்லாக் கற்களையும் மறுபடி பார்த்தேன். பெண்கள் இருக்கிறார்கள். இன்னாரின் மனைவி. இன்னாரின் அருமைத் தாய். அறுபது சொல்லுக்கு நீட்ட முடியாது. சொல்லிவிட்டேன்.

பெயர்ப்பலகை இல்லாத மண்மேடுகள் மேற்குச் சுவரோரம் ஏழெட்டு இருக்கின்றன. அவற்றை வரைபடத்தில் சேர்க்கவில்லை. எழுத்தே இல்லையென்றால் நான் எதைப் படிப்பது.

ஜூன் 27, வெள்ளி

மழை. நிசீம் சார் குடை பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. டீக்கடைக்காரர் உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டுமாம்.

கல்லை வைத்துவிட்டு வந்தேன். அவருடைய குடைக்குள் நானும் நின்றேன். இப்படி நனைவதற்கு உள்ளேயே வந்துவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். மனதில் யாராவது உண்டா என்றார். இருந்தான், அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்றேன். அவர் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார்.

ஜூலை 4, வெள்ளி

பலகை வந்துவிட்டது. கேட்டுக்கு உள்ளே இடதுபக்கம் நட்டிருக்கிறார்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. பினேல் முதலில். கடைசி வரி இருக்கிறது. என் பெயர் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

நிசீம் சார் ஊரைவிட்டுப் போகிறார். மெல்பர்னிலிருந்து அண்ணன் மகள் வந்திருக்கிறாள். இனிமேல் தனியாக இருக்க விடமாட்டாளாம். இந்த மாதக் கடைசியில் விமானம். அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட்டுத் தொழுகைக்குக் கட்டாயம் வேண்டிய பத்து ஆண்கள் எப்போதும் கிடைப்பார்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப இங்க யாரு கல்லு குடுப்பாங்க?" என்றார் பாக்கியம் அக்கா.

அவர் ஆட்டோவைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நிசீம் சார் கல்லைக் கொடுத்துவிட்டு, ஓர் உதவி வேண்டும் என்றார். போவதற்குமுன் ஒரு போட்டோ வேண்டும். இத்தனை வருடமாக அந்த இடத்தைத் தான் பார்த்ததே இல்லை. இதற்குமுன் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

என் போனிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு?"

"பினேல், சார்."

"இவர் எதுக்கும்மா? ப்ளோராவைக் காட்டு."

என் பட்டியலில் ப்ளோரா இல்லை.

ப்ளோரா ஜோசப். அதே தோல் கம்பெனியில் கடிதங்கள் தட்டச்சு செய்தவள். கல்கத்தாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் மணவிலக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். வேப்பேரியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான். அவளுக்கு ஊறுகாய் இல்லாமல் எதுவும் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. இப்படியே சில வருடம். இதற்குமேல் போக வழியில்லை. கோஹன், மணவிலக்கான பெண்ணை மணக்கக்கூடாது. அதுவும் அந்த விதிகளில் ஒன்று. நூலகத்தில் நான் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை கேட்டா. அப்பாவுக்கு எழுதிக் கேக்கறேன்னு சொன்னேன். அவர் என்ன எழுதுவாருன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலை. கம்பெனி ஆட்களும் கோவளத்திலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பமும் சேர்ந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். உறவாக இருந்திருந்தால் கோஹனும் வரலாம். தாய், தந்தை, மனைவிக்கு அனுமதி உண்டு. இவர் உறவில்லை. எதிரே, இதே இடத்தில் நின்றிருக்கிறார். மேற்குச் சுவரோரம் என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள்.

பெயர் வெட்டிய கல் ஒன்றை நீங்கள் வைத்திருக்கலாமே என்றேன்.

"வைக்கறது யாருன்னு கேப்பாங்க. நான் யாரு?"

ஆகவே கூழாங்கல். ஏகாம்பரத்தின் கையில் கொடுத்து.

நாளைக்கே எடுத்துவிடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இன்றைய கல் இன்னும் என் கையில்தான் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

பாக்கியம் அக்கா ஆடிப்போய்விட்டார். ப்ளோரா என்ற பெயரையே கேட்டதில்லை என்றார். மாமனார் இங்கே வேலைக்குச் சேர்ந்தது அடக்கமெல்லாம் முடிந்த பிறகு. மேற்குச் சுவரோரம் இருக்கும் அம்மாவுக்கு என்று சார் சொல்லியிருப்பார்.

"கல்லுல இருக்கறது அம்மாவா அய்யாவான்னு எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? அவ்ளோ பெரிய மனுசன், வாராவாரம் ஆட்டோ வெச்சிக்கினு வராரு. மண்ணு மோட்டுக்கா வருவாரு? பெருசுக்குத்தான் வருவாருன்னு மாமனாரு அங்க வெச்சிட்டாரு. நானும் அங்கியே வெச்சேன்."

நானும் அங்கேயேதான் வைத்தேன். மேலே அறுபது சொல்லும் வைத்தேன்.

சுவரோரம் இருவரும் நடந்து பார்த்தோம். மேடுகள் எல்லாம் ஒன்றுபோல. சிலது மேடா, வெறும் மண் குவியலா என்றே சொல்ல முடியாது. அடக்கத்துக்கு வந்தவர்களில் இன்று யாரும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் இல்லை. அதன்மேல் காலை வெயில் நன்றாக விழுகிறது.

பாக்கியம் அக்காவிடம் அரிவாள் வாங்கிப் புல்லை அறுத்தேன். அரைமணியில் கை கொப்பளித்தது. காய்ந்த சருகை வாரினேன். ஓரங்களைக் கையால் தட்டிச் சீராக்கினேன். பினேலிடமிருந்து மூன்று கற்களை எடுத்து வந்து வைத்தேன். மேல்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஏதோ சொந்தக்காரியாகத் தெரிந்திருப்பேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. மண் பொன்னிறமாக இருக்கிறது. அண்ணா நகர் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன்.

இதில் தவறில்லை. இருக்கும் ஏழெட்டு மேடுகளில் ஒன்று அவளுடையது. இதுவாகவும் இருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்குப் பளிச்சென்ற வெயில். டீக்கடைக்காரர் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். மண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தார். வெயில் விழுகிறதே என்றார். சந்தோஷமாக இருந்தார். அதைப் பார்த்தேன், இல்லையென்று சொல்ல முடியாது.

அப்புறம் கேட்டார்.

"மூணு கல்லுதானா?"

மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆடு மேய்ந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டார்கள், எதையாவது. அவர் நம்பியிருப்பார். அவர் நம்பாத ஒரு வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கற்கள் பினேலின் மேல் இருப்பதை. ஏகாம்பரம் நினைத்ததை. ப்ளோராவின் இடம் எது என்று யாருக்கும் தெரியாது என்பதை. படத்தில் இருக்கும் மேட்டை நானாகத் தேர்ந்தெடுத்ததை. அதோடு நிறுத்தவில்லை. என் குரல் உயர்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா சார்? வாசல்ல நின்னு கல்லு குடுத்தா போதுமா?"

பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். வயசானவரு, விடும்மா என்றார்.

நிசீம் சார் படத்தை மடிமேல் வைத்துக்கொண்டார். எதிரே கேட்டைப் பார்த்தார். பிறகு, நம்ப முடியவில்லை, லேசாகச் சிரித்தார்.

"பாவம் பினேல். யாருடா இவன், விடாம வந்து நம்ம மேல கல்லு வைக்கறான்னு நெனச்சிருப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. நான் தெருவைக் கடந்து ஓடி கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். திரும்பி வந்து, வாங்க சார் என்றேன். எதுவென்று தெரியாவிட்டாலும் ஏழெட்டுதான், எல்லாவற்றையும் காட்டுகிறேன். இங்கே யாரும் இல்லை. உங்கள் அப்பாவும் இல்லை. இப்போதாவது வாங்க.

எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவின் நடுவில், கிளையின் நுனிக்கு ஓரடி முன்னால், நின்றார். அங்கிருந்தே உள்ளே மேற்குச் சுவர் தெரிகிறது. புல் அறுத்த இடம் தனியாகத் தெரிகிறது. பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

"இப்ப உள்ள வந்தேன்னா, அப்பவே வந்திருக்கலாம்னு ஆயிடுமே பூங்கோதை. அப்ப நான் அவளுக்குப் பண்ணது என்ன?"

தோளிலிருந்து கையை எடுத்தார்.

"கதவைச் சாத்திடும்மா."

கொடுக்கக் கொண்டுவந்திருந்த கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். படத்தை எடுத்துப் போனார். ஏன் எடுத்துப் போனார் என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

உண்மையைத்தான் சொன்னேன். வரலாறு படித்தவள் வேறு என்ன செய்வாள்.

ஜூலை 21, திங்கள்

சாவி வாங்கப் போனபோது பாக்கியம் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நகரவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"யார் மேல இருந்த கோவத்த அந்த மனுசன் மேல காட்டின?"

உள்ளே போய் மருத்துவர் ஹாலெவியின் இறந்த தேதியைச் சரிபார்த்தேன். ஒரு நாள் தவறியிருந்தது. திருத்தினேன்.

மாலை விசாகன் போன் செய்தான். பத்திரிகை வந்ததா என்றான். வந்தது, வாழ்த்துகள் என்றேன். நல்லாயிருக்கியா என்றான். வேலை இருக்கிறது என்றேன்.

ஜூலை 24, வியாழன்

நாளைக்கு வருவார். என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும் என்பது ரொம்பச் சின்னதாக இருக்கிறது. நீங்கள் செய்தது சரிதான் என்று என்னால் எழுத முடியவில்லை. சரியில்லை என்று எழுத எனக்கு என்ன உரிமை. அந்த மூன்று கற்கள் மழையில் போகவில்லை, இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம்.

ஜூலை 25, வெள்ளி

வரவில்லை. எதிர்ப்பக்கம் வெயிலில் பதினோரு மணி வரை நின்றேன். டீக்கடைக்காரர் ஸ்டூல் போட்டார். உட்காரவில்லை.

அவரை வழக்கமாக ஏற்றிவரும் ஆட்டோக்காரர் பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க வந்தார். டிக்கெட்டை முன்னால் மாற்றிவிட்டார்களாம். புதன்கிழமையே ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன் என்றார். எதுவும் சொல்லிவிட்டுப் போனாரா என்றேன். இந்தப் பக்கமாக வண்டியை விடவா சார் என்று தானே கேட்டதாகவும், வேண்டாம், நேராகப் போ என்றதாகவும் சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

வசுமதி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். பினேலின் கடைசி வரி தவறு, எடுக்க வேண்டும், ப்ளோரா ஜோசப் என்பவரைச் சேர்க்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். நல்லவர்தான். காபி வரவழைத்தார். ஆதாரம் என்ன என்றார். நிசீம் சார் சொன்னார் என்றேன். அவர் எங்கே? மெல்பர்னில். கல்லறையைக் காட்ட முடியுமா? முடியாது. நீங்களே ஒரு வரலாற்று மாணவி, நீங்களே சொல்லுங்கள் என்றார். புத்தகம் அச்சாகிவிட்டது, பலகை நட்டாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். தவிரவும் அந்த வரி மிக அழகாக இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து ப்ளோராவுக்கு அறுபது சொல் எழுத உட்கார்ந்தேன். தட்டச்சர். ஊறுகாய் இல்லாமல் சாப்பிட மாட்டார். காலை வெயில் பிடிக்கும். ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. நிசீம் சாரிடம் கேட்டிருக்கலாம். வாராவாரம் எதிரே நின்றார். நான் பினேலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மரபு நடையின் முதல் நாள். முப்பது பேருக்குமேல் வந்தார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கையில் புத்தகம். கிளையின் நிழலில் எல்லாரும் கூடி நின்றார்கள். வசுமதி மேடம் என்னை அறிமுகப்படுத்தினார். கைதட்டினார்கள்.

நான்தான் பேசினேன். எட்டுப் பேரையும் சொன்னேன். பினேலிடம் வந்தபோது கடைசி வரியைச் சொல்லாமல் விட்டேன். ஆனால் புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. ஒரு பெண் குனிந்து, மேடையடியில் சரிந்து கிடந்த கல் ஒன்றை எடுத்துக் கல்லறையின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். அவளைப் பார்த்து அவள் கணவன் வைத்தான். பிறகு எல்லாரும் வைத்தார்கள். கூட்டத்துக்குள் புக முடியாத ஒருவர் சுவரோரம் போய் மண்மேட்டின் மேலிருந்த மூன்றில் ஒன்றை எடுத்துவந்தார். தடுக்க வாய் திறந்தேன். என்னவென்று சொல்லித் தடுப்பது.

"பெருசுக்கு யோகம்" என்றார் பாக்கியம் அக்கா, என் காதோரம்.

மதியத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சின்ன டப்பா கறுப்பு பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிவந்தேன். வாசல் பலகையில் பினேலுக்குக் கீழே அந்தக் கடைசி வரியின் மேல் மட்டும் அடித்தேன். முதல் பூச்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. காயும்வரை நின்று இன்னொரு முறை அடித்தேன். பாக்கியம் அக்கா கொடுத்த மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனேன்.